கூட்டுக்கு வாசல் உண்டா?

கோட்டைப்பட்டினத்துக் கடைத்தெருவில் நின்று "கூடு எப்ப?" என்று கேட்டால், பட்டுப்புழுவைப் பற்றிக் கேட்கிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். குருவியும் அவர்கள் நினைவுக்கு வராது. ராவுத்தர் அப்பா தர்காவின் சந்தனக்கூட்டைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு தேதியைச் சொல்வார்கள். தெற்கே கீழக்கரைப் பக்கம் போய் அதையே கேட்டால், கடலில் போட்ட மீன்கூட்டை எப்போது தூக்குவீர்கள் என்று கேட்டதாகிவிடும். தர்மபுரியில் கேட்டால் இன்றைக்குக் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்ற பேச்சு தொடங்கும். பாக் நீரிணையைத் தாண்டிக் கொழும்பில் மே மாதத்தில் கேட்டால், காகிதம் ஒட்டிய விளக்கைக் கையால் காட்டுவார்கள்.

சொல் ஒன்று, பொருள் பல என்பதில் வியப்பில்லை. எந்த மொழியிலும் உள்ளதுதான். ஆனால் கூடு என்ற சொல்லின் பொருள்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் யாரோ, எதுவோ இருக்கிறது. அது வெளியே வருமா, வந்தால் திரும்பப் போகுமா, வரவிடுவார்களா என்பதில்தான் ஒரு கூடு இன்னொரு கூட்டிலிருந்து வேறுபடுகிறது. பொருள் வரிசையைவிட இந்த வாசல் வரிசைதான் விளக்கமாக இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த வழியிலேயே பார்க்கலாம்.

முதலில் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், பறவைக்கூடு, உடம்பு, தானியம் கொட்டி வைக்கும் கொள்கலம், வண்டியின் மேற்கூடு எனப் பலவற்றை இச்சொல்லின்கீழ் சேர்க்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) மலையாளக் கூடு, கன்னட கூடு, தெலுங்கு கூடு ஆகியவற்றை இதன் உறவுகளாகக் காட்டுகிறது. பின்னிரண்டிலும் முதலெழுத்து மட்டும் கொஞ்சம் அழுத்தி ஒலிக்கும். ராமநகரத்துச் சந்தையில் கன்னடக்காரர் சொல்லும் 'ரேஷ்மெ கூடு' நம் பட்டுக்கூடுதான். ஒன்றுசேர்தல் என்ற பொருளில் வரும் கூடு என்ற வினையை அந்த அகராதி தனிப் பதிவாக வைத்திருக்கிறது. குச்சிகள் கூடினால் கூடு என்று விளக்குவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நல்ல சொற்பிறப்பியலாளர்கள் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை.

கூடு வலுத்தால் கூண்டு. கிளியை அடைப்பது கூண்டு, புலியைப் பிடிப்பது கூண்டு, நீதிமன்றத்தில் சாட்சி ஏறுவதும் கூண்டு. ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் மணிக்கூண்டு உண்டு. ஒரு கட்சிக் கிளை மொத்தமாக விலகினால் நாளிதழ் 'கூண்டோடு ராஜினாமா' என்று போடுகிறது. தானே கட்டிக்கொண்டால் கூடு, அடுத்தவன் அடைத்து வைத்தால் கூண்டு என்று ஒரு விதி செய்யத் தோன்றும். கோழிக்கூடும் புறாக்கூடும் அந்த விதியை உடனே உடைத்துவிடுகின்றன. மீன்கூடு இன்னும் நன்றாக உடைக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

ஆங்கிலத்தில் பட்டுக்கூட்டைக் குறிக்கும் 'கக்கூன்' பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது ஓடு என்ற பொருள், முட்டையோடு என்பதில் வருகிற ஓடு. வடமொழி வேறு பாதையில் போனது. அங்கே கோசம் என்பது உறை, மொட்டு, கருவூலம், சொல் தொகுதி எல்லாமே. அமரகோசத்தில் இருக்கும் கோசமும், வேதாந்தம் பேசும் ஐந்து கோசங்களில் இருக்கும் கோசமும், புழுவின் உறையான கோசமும் ஒன்றே. அந்தக் கோசத்திலிருந்து வந்த துணி கௌசேயம். அடியார்க்கு நல்லார் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதைக்கு உரை எழுதும்போது 36 வகைத் துணிகளைப் பட்டியலிடுகிறார். அதில் முதலில் நிற்பது கோசிகம். ஆக, புழுவின் கூடு தமிழ்நாட்டுக்குள் துணியின் பெயராக நுழைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. புழுவை வளர்ப்பது பெருந்தொழிலாக வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

பழந்தமிழில் கூடு என்றதும் உழவர் நினைத்தது நெல்லை. பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டு முற்றத்தில் ஏணிக்கும் எட்டாத உயரத்தில் நெற்கூடுகள் நிற்கின்றன. உச்சியைத் திறந்து பழைய நெல்லைக் கொட்டியிருக்கிறார்கள். இன்று குதிர், பத்தாயம் என்ற சொற்களோடு நெற்கூடும் கிழவர்கள் வாயில்தான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் காற்றுப்புகாத பெரிய உறைகளில் நெல்லை மூட்டையோடு சேமிக்கும் முறையைப் பரப்பியது. உள்ளே உயிர்க்காற்று குறைந்து வண்டும் அந்துப்பூச்சியும் செத்துப்போகும், மருந்து தேவையில்லை. அந்த உறைக்கு வைத்த பெயர் கக்கூன். சங்கப் புலவர் கூடு என்றதைத்தான் அவர்களும் கூடு என்கிறார்கள், தெரியாமலேயே.

இனி பட்டுக்கூடு. கோட்டைப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊரில் இதைப் பார்க்க முடியாது. புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சூடு போதும், காற்றில் ஈரம் நிலையாக இருக்க வேண்டும், மல்பெரி இலை நாள்தோறும் பறிக்கக் கிடைக்க வேண்டும். அதனால் இத்தொழில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தாளவாடி, உடுமலைப்பேட்டை என்று மேற்கிலும் வடமேற்கிலும் தங்கியிருக்கிறது. சென்னை மாகாணத்தின் பழைய பட்டு நிலம் கொள்ளேகால். அது கோவை மாவட்டத்தில் இருந்தது. 1956இல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது மைசூர் பக்கம் போனது. தமிழ்நாடு பட்டு வளர்ப்பை ஏறக்குறையப் புதிதாகத்தான் தொடங்கியது. புழு கூடு கட்ட வைக்கும் மூங்கில் தட்டியை நம் விவசாயிகள் 'சந்திரிகை' என்று கன்னட வாடையோடு சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது அதற்குப் பதில் மடக்கி வைக்கும் பிளாஸ்டிக் 'நெட்ரிகா' வந்துவிட்டது.

புழு முட்டையிலிருந்து வந்து நான்கு முறை தோலுரிக்கும். ஐந்தாம் பருவத்தில் அது தின்பதைக் கேட்கலாம், காதால். மனை முழுக்க இலை நறுக்கும் ஓசை தூறல் விழுவதுபோல் இருக்கும். பிறகு ஒரு நாள் தின்பதை நிறுத்தும். உடல் மஞ்சளித்துக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். 'புழு பழுத்துடுச்சு' என்று சொல்லிப் பொறுக்கிச் சந்திரிகையில் விடுவார்கள். அங்கே புழு தலையை 8 வடிவில் ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாளில் தன்னை மூடிக்கொள்கிறது. அது கக்குவது ஒரே இழை. கலப்பினக் கூட்டில் அந்த இழை 600 முதல் 900 மீட்டர் வரை போகும். நல்ல இருசந்ததி இனக் கூட்டில் 1,000 மீட்டரைத் தாண்டும். உள்ளே ஃபைப்ராயின் என்ற புரதம், மேலே செரிசின் என்ற பசை. அந்தப் பசைதான் கூட்டைக் கூடாக நிறுத்துகிறது. வெந்நீரில் பசை இளகினால் இழை அவிழும்.

சங்கத் தொகுதியான பதிற்றுப்பத்தில் பட்டைச் சொல்லும்போது, நூற்காத ஆடை என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. பதிற்றுப்பத்துக்காரர் தொழிலைத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். பருத்தியை நூற்க வேண்டும், பட்டை உருவினால் போதும். புழு முன்பே நூற்றுவிட்டது.

கூட்டுச் சந்தையில் நல்ல கூடு எது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வாங்க வருகிற நூற்பாளர் தட்டில் கையை விட்டு ஒரு கூட்டை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே கூட்டுப்புழு காய்ந்த விதைபோல் 'கடகட' என்றால் புழு உயிரோடு, முழுதாக இருக்கிறது. சத்தம் வரவில்லை என்றால் உள்ளே புழு செத்து உருகிச் சுவரோடு ஒட்டிவிட்டது, நூலில் கறை ஏறும். அடுத்து கட்டைவிரலால் அழுத்துவார். அமுங்கினால் ஓடு மெல்லியது. சில கூடுகள் மற்றவற்றைவிடப் பெரியதாக, நடுவில் பிதுங்கியிருக்கும். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டியவை அவை. இழைகள் பின்னிக்கொள்வதால் நேராக உருவ முடியாது. கட்டியும் முட்டியுமாக வரும் அந்த நூலில் நெய்வதுதான் துப்பியான். ஒருகாலத்தில் கழிவு என்று ஒதுக்கியதை இன்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இவை தவிர ஓட்டை விழுந்த கூடுகள் உண்டு. ஊசி ஈ என்று ஒன்று புழுவின் மேல் முட்டையிடும். அதன் புழு உள்ளே தின்று வளர்ந்து கூட்டைத் துளைத்து வெளியேறும். 1980இல் வங்கத்திலிருந்து தவறிப்போய்க் கர்நாடகத்துக்குள் வந்த இந்த ஈ, அன்றிலிருந்து தென்னிந்தியப் பட்டு விவசாயியின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஓட்டை என்றதும் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு வந்துவிட்டோம். பட்டுக்கூட்டில் வாசல் இருந்தால் நட்டம். புழு கூடு கட்டி ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாகி, எச்சிலால் பசையை இளக்கி, ஒரு முனையைத் துளைத்து வெளியே வரும். அப்படி வந்தால் ஒற்றை இழை பல நூறு இடத்தில் அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே கூட்டை நீராவியிலோ சூடான காற்றிலோ வைத்து உள்ளே இருப்பதைக் கொன்றுவிடுகிறார்கள். முட்டைக்காக ஒதுக்கிய கூடுகளுக்கு மட்டும் அந்த விதி இல்லை. அங்கே பூச்சி வெளிவந்து, இணைந்து, முட்டையிட்டு, சில நாளில் செத்துப்போகும். அதற்கு வாயும் சரியாக இல்லை, பறக்கவும் வராது. ஆயிரக்கணக்கான ஆண்டு வளர்ப்பில் மனிதன் அதன் சிறகைப் பெயரளவுக்கு ஆக்கிவிட்டான். வாசல் திறந்தாலும் போக இடமில்லாத உயிர் இது.

இதை மனம் பொறுக்காதவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி பட்டு உடுத்த வேண்டாம் என்று சொன்னது தெரிந்த செய்தி. பட்டுக்குப் பேர்போன ஊரில் மடம் இருந்தும் சொன்னார். அன்றைய ஆந்திரத்து குசுமா ராஜய்யா பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூல் எடுத்து 'அகிம்சைப் பட்டு' செய்தார். உருவ முடியாததால் பருத்தியைப் போல நூற்க வேண்டும், மினுமினுப்பு குறையும், விலை கூடும். இயல்பாகவே இதற்குத் தோதான கூடு எரிப்பட்டுக் கூடு. ஆமணக்கிலையும் மரவள்ளி இலையும் தின்னும் அந்தப் புழு கூட்டின் ஒரு முனையைத் திறந்தே விடுகிறது. வாசலோடு கட்டும் பட்டுப்புழு! ஆனால் அசாமில் எரிப்புழுவைப் பெரும்பாலும் வளர்ப்பது நூலோடு கூட உள்ளே இருப்பதைச் சமைத்துத் தின்பதற்காகவும்தான். கொல்லாமைக்கு நாம் தேடிப் பிடித்த புழு அங்கே சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

பட்டைப் பற்றிக் கடலோரத்தில் கேட்டால் வேறு கேள்வி எழும். கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என்று நீளும் இந்தக் கரையில் முஸ்லிம்கள் நிறைய. மணப்பெண்ணுக்குக் காஞ்சிப் பட்டு எடுப்பார்கள். மாப்பிள்ளைக்கு எடுக்க மாட்டார்கள், ஆணுக்குத் தூய பட்டு மார்க்கம் விலக்கியது. இந்த விலக்கிலிருந்து பிறந்த நெசவு ஒன்று உண்டு. குசராத்தின் பாட்டன் நகரில் நெய்யும் மஷ்ரு, பட்டைப் பாவாகவும் பருத்தியை ஊடையாகவும் வைத்து நெய்த துணி. பட்டு வெளிப்பக்கம் மினுங்கும், உடலில் படுவது பருத்தி மட்டுமே. மஷ்ரு என்ற அரபுச் சொல்லுக்கு அனுமதிக்கப்பட்டது என்று பொருள். சட்டத்துக்கும் ஆசைக்கும் நடுவே நெசவாளி கண்டுபிடித்த வழி.

பட்டை விட்டு வீட்டுச் சுவருக்கு வருவோம். நிலைக்கு மேல் குளவி மண்கூடு கட்டினால் பெண்கள் இடிக்க விட மாட்டார்கள். வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம்பிக்கை. அந்தக் கூட்டைப் பற்றி இன்னொரு நம்பிக்கையும் உண்டு, அது தத்துவ நூல்கள் வரை ஏறிவிட்டது. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டி, அந்தப் புழுவே குளவியாக மாறிவிடும் என்பார்கள். குருவின் அருளால் சீடன் குருவாவதற்கு இதை உவமை சொன்னார்கள். வடமொழியில் இதற்குப் பிரமர கீட நியாயம் என்று பெயர். நடப்பது கொஞ்சம் கொடூரம். குளவி புழுவைக் கொட்டி அசையாமல் செய்து அடைக்கிறது, கூட்டுக்குள் ஒரு முட்டையிட்டு வாயை மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு உயிரோடிருக்கும் புழுவைத் தின்று வளர்ந்து, உள்ளேயே மெல்லிய இழைக்கூடு ஒன்று கட்டி, குளவியாக வெளிவருகிறது. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பாப்ரே வேட்டைக் குளவிகளை மணிக்கணக்காகத் தரையில் படுத்துப் பார்த்து எழுதியவை இன்றும் படிக்கச் சுவையானவை. உள்ளே போன உயிர் ஒன்று, வெளியே வந்த உயிர் வேறொன்று. நம் ஆட்கள் பார்த்ததில் பிழையில்லை. பார்க்காத நடுப்பகுதியை அவர்கள் கற்பனையால் நிரப்பிக்கொண்டார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தக் கண்மாய்க் கரையிலும் கருவேல மரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் குச்சிக் கட்டு ஒன்று கிளையில் தொங்கும். விரல் நீளம், சமமாக நறுக்கிய குச்சிகள், நடுவே இழைப்பை. அது ஒரு புழுவின் கூடு. வளரும்போதே அதைச் சுமந்துகொண்டு இலை தின்னும், தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆண் கூட்டை விட்டுச் சிறகோடு பறந்துபோகும். பெண்ணுக்குச் சிறகு முளைப்பதில்லை. அங்கேயே இருந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே முடியும். குடும்பங்களைப் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் இந்தப் பூச்சியை எப்படித் தவற விட்டார்கள் என்று தெரியவில்லை.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். வண்ணத்துப்பூச்சி பட்டுக்கூட்டிலிருந்து வருவதுபோல் சுவரொட்டிகளிலும் சில பாடப் படங்களிலும் வரைகிறார்கள். வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் இழைக்கூடு கட்டுவதில்லை. கடைசித் தோலை உரித்ததும் வெறும் கூட்டுப்புழுவாகக் கிளையில் ஓர் இழை முடிச்சில் தொங்கும், அதன் தோலே ஓடு. இழையால் கூடு கட்டுவது அந்துப்பூச்சிக் குடும்பங்களின் வேலை. தமிழில் கூட்டுப்புழு என்ற ஒரே சொல் இரண்டையும் போர்த்திவிடுவதால் குழப்பம். இந்தக் குழப்பத்தின் மேல்தான் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கடை விரிக்கிறார்கள். கூட்டை உடைத்து வெளியே வா, சிறகை விரி என்று மேடைதோறும் கேட்கிறோம். கூட்டைக் கத்தரித்து உதவி செய்தவரால் பூச்சி முடமான கதையும் கூடவே வரும். எல்லாம் இறக்குமதி. மேற்கில் கூடு என்பது வளராதவர் ஒளியும் இடம். அமெரிக்காவில் பெய்த் பாப்கார்ன் என்ற சந்தைக் கணிப்பாளர் 1980களில் வீட்டுக்குள்ளேயே அடைந்து வாழும் போக்குக்கு 'கக்கூனிங்' என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் கப்பல்களைப் பிளாஸ்டிக் பூச்சால் மூடி நிறுத்தியதற்கும் அதே சொல்தான். மருத்துவர்கள் பயன்படுத்தும் விதம் ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. பச்சைக் குழந்தைக்குக் கக்குவான் இருமல் தடுப்பூசி போடும் வயது வருவதற்கு முன், தாய், தந்தை, பாட்டி என்று சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் ஊசி போட்டுக் குழந்தையைச் சுற்றி அரண் கட்டுவதற்கும் அந்தப் பெயர். கக்குவானும் கக்கூனும் ஒலியில் நெருங்கியது தற்செயல்.

தமிழ் மரபில் கூட்டை உடைக்கச் சொன்னவர் குறைவு. உடம்பே கூடு என்றால் உடைக்க யார் அவசரப்படுவார்? 'கூட்டை விட்டு உயிர் போயிடுச்சு' என்று இன்றும் சாவு வீட்டில் சொல்கிறார்கள். நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் உடம்பையும் உயிரையும் குடம்பையையும் பறவையையும் இணைத்துச் சொன்ன குறள் ஒன்று உண்டு. அந்தக் குடம்பை என்ன? கூடு என்று சிலர் பொருள் சொன்னார்கள். பரிமேலழகர் மறுத்து முட்டை என்கிறார். அவர் காட்டும் காரணங்கள் இரண்டு. கூடு பறவையோடு பிறப்பதில்லை, உடம்பு உயிரோடு சேர்ந்தே தோன்றுகிறது. கூட்டுக்குப் பறவை திரும்பி வரும், உடம்புக்கு உயிர் திரும்புவதில்லை. வாசலை வைத்து ஒரு சொல்லுக்குப் பொருள் தீர்த்த உரையாசிரியர் இவர். பட்டுக்கூட்டை அவர் முன் வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பதுண்டு. அது போனவர் திரும்பாத கூடு, இரண்டாவது சோதனையில் தேறிவிடும். பிறப்போடு வந்ததில்லை, ஆனால் புழு தன் உடம்பிலிருந்தே எடுத்துக் கட்டியது. பாதி மதிப்பெண்ணாவது கொடுத்திருப்பார்.

திரும்ப முடியாது என்ற விதிக்குத் தமிழில் புகழ்பெற்ற விலக்கு கூடு விட்டுக் கூடு பாய்தல். திருமூலர் வரலாறு அப்படித்தான் தொடங்குகிறது. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, பசுக்கள் கதறுவதைப் பார்த்த சிவயோகியார் அவன் உடம்பில் புகுந்தார். பசுக்களை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பினால், வைத்துவிட்டுப் போன தன் உடம்பைக் காணவில்லை. இடையன் கூட்டிலேயே இருந்துவிட்டார். அருணகிரிநாதர் கிளியானதும் இதே வகை. பாய்ந்த இவர்கள் இருவருக்கும் பழைய கூடு கிடைக்காமல் போகிறது. கதைக்குள்ளும் பரிமேலழகர் சொன்னதுதான் நடக்கிறது.

சந்தனக்கூடு இந்த வரிசையில் தனி. நாகூரில் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறை தெரிந்து கொடியேறிய பத்தாம் இரவு, நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு விடியும் முன் தர்காவுக்கு வரும். ஏர்வாடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் அந்தந்த ஊர் முறைப்படி நடக்கும். மூங்கிலும் மரமும் கொண்டு அடுக்கடுக்காகக் கட்டிய சட்டம், மேலே கும்பம், சுற்றிலும் சிறு மினாராக்கள், ஜிகினாத் தாள், பூச்சரம். முன்பு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வந்தது, இப்போது சீரியல் பல்பும் ஜெனரேட்டரும். உள்ளே இருப்பது குடத்தில் கரைத்த சந்தனம் மட்டுமே. அவ்வளவு பெரிய கூட்டுக்கு உள்ளீடு ஒரு குடம் சந்தனம்! நகரா முழங்க அது தெருத்தெருவாகப் போவதைப் பார்க்க எல்லாச் சமூகத்தாரும் வாசலில் நிற்பார்கள். தர்காவை அடைந்ததும் சந்தனம் வெளியே எடுக்கப்பட்டு அடக்கத்தலத்தில் பூசப்படும், மிச்சம் வந்தவர்களுக்குக் கிடைக்கும். கூட்டின் வேலை அத்தோடு சரி. மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று தவ்ஹீத் கருத்துடையவர்கள் பல ஆண்டாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவு அன்று சாத்தியிருக்கும். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்கும். கடலோர முஸ்லிம் ஊர் எதிலும் இந்த வாதம் புதிதில்லை.

நீரிணைக்கு அந்தப் பக்கம் வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் காகித விளக்கு 'வெசாக் கூடு'. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன. சிங்களத்திலும் கூடு என்பதே பெயர், பறவைக்கூட்டுக்கும் கூண்டுக்கும் அங்கே அதே சொல் உண்டு. மூங்கில் சட்டம், வண்ணத்தாள், உள்ளே வெளிச்சம். ஒரே கடலின் இரு கரையில் இஸ்லாமியரும் பௌத்தரும் விழாவுக்குச் செய்யும் ஒளிச்சட்டத்தைக் கூடு என்றே அழைக்கிறார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சியில் இறங்க வேண்டியதில்லை. தச்சரும் தாள் ஒட்டுகிறவரும் மதம் பார்த்துச் சொல் தேடுவதில்லை.

மீன்கூட்டுக்கு வருவோம். கோட்டைப்பட்டினம் விசைப்படகுத் துறை, இங்கே இழுவலையும் நண்டு வலையும்தான் பேச்சு. கூடு போட்டு மீன் பிடிப்பது பாறையும் பவளமும் உள்ள மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, மண்டபம் ஊர்களில். உடைமரக் குச்சியைச் சீவிப் பனைநாரால் பின்னிய பெரிய கூடுகள் பழைய முறை. இன்று இரும்புக் கம்பிச் சட்டத்தில் நைலான் வலையைப் போர்த்துகிறார்கள். வெளியில் அகன்று உள்ளே குறுகிக்கொண்டு போகும் வாய்தான் அதன் சூட்சுமம். நசுக்கிய நண்டையோ சிப்பிச் சதையையோ இரையாக வைத்துக் கடலடியில் இறக்கி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தூக்குவார்கள். களவாயும் விளமீனும் ஓராவும் உயிரோடு வரும். வலையில் நசுங்கிய மீனைவிட இதற்கு நல்ல விலை. அடித்தரையை வாரிக்கொண்டு போகாத தொழில் என்பதால், இழுவலையோடு ஒப்பிட்டால் கடலுக்கும் நல்லது. இது கூண்டுதான், ஆனால் கடற்கரைக்காரர் கூடு என்றே சொல்கிறார். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் கடல் விறாலை இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது. அதை வளர்க்கும் மிதவைச் சட்டத்துக்கு அரசுத் தாள்களில் கூண்டு என்று பெயர். படித்தவர் கூண்டு என்பதும் பாடுபடுகிறவர் கூடு என்பதும் வழக்கமாகிவிட்டது.

இந்தக் கூட்டில் ஒரு குறை உண்டு. பனைநார்க் கூடு காற்றில் கயிறறுந்து கடலடியில் தொலைந்தால் சில மாதத்தில் மக்கி வாய்பிளந்துவிடும். கம்பியும் நைலானும் மக்காது. தொலைந்த கூட்டுக்குள் மீன் நுழையும், வெளியேற வழி தெரியாமல் சாகும், செத்த மீனே இரையாகி அடுத்ததை அழைக்கும். தூக்க ஆளில்லாமல் அது பிடித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நண்டு, சிங்கி இறால் பொறிகளில் ஒரு பகுதியை மக்கும் பொருளால் செய்தாக வேண்டும் என்பது சட்டம். பொறி தொலைந்தால் அந்தப் பகுதி இற்றுத் திறந்துகொள்ளும். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடு கட்டுகிறவர்கள் ஒரு பக்கப் பலகத்தை மட்டும் நைலானுக்குப் பதில் பருத்திக் கயிற்றால் கட்டினால் போதும், செலவும் சொற்பம். ராமநாதபுரம் மாவட்ட மீன்வளத் துறையும் மீனவர் சங்கங்களும் அடுத்த தடைக்காலத்தில் கூடுகளைப் பழுது பார்க்கும்போதே இதைத் தொடங்கலாம்.